காட்டிடையே ஒரு கோடை ஊர்

சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் வன்னி நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. குளத்து நீர் ஒடுங்கிக் கரை அகலுகின்றது. வெளிகளிலே புல் காய்ந்து பொன்னிறம் கொள்கின்றது. காட்டிலே பாலை மரங்கள் மாத்திரம், இவ்வறட்சிக்கும் தமக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதவை போல, மஞ்சள் நிறப் பழங்களைக் கொத்துக் கொத்தாகச் சுமந்து நிற்கின்றன. ஈழநாட்டு மக்கள் யாத்திரை புறப்படுவதற்கு உகந்த காலம் இதுவே. கதிர்காமக் கொடியேற்றத்தை நோக்கி அடியார் கிழக்குக் கரை வழியே காட்டினூடு நடப்பதும், நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு வீதியெங்கும் பந்தல் எழுவதும் இக்கோடையிலேதான். அதே கோடையில், மன்னார்ப் பெருநிலத்தின் காட்டு நடுவே, ஓர் ஊர் தோன்றிச் சில நாள் வாழ்ந்து மறைந்து, மீண்டும் ஒரு முறை தோன்றி மறைகின்றது. அவ்வூரின் வாழ்வைப் பற்றிச் சில சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதன் பெயர் மருதமடு. மருத மரமும் நீர் நிற்கும் மடுவும் சேர்ந்து இட்ட பெயர் அது. மக்கள் வாயிலே 'மடு' என்று குறுகிவிட்டது. இலங்கைக் கத்தோலிக்கர் அனைவருக்கும் தலையாய திருத்தலமாகிய மடு மாதா கோயில் அங்கேதான் இருக்கின்றது. ஜூலை 2 ஆம் நாளும் ஓகஸ்ட் 15 ஆம் நாளும் அங்கே பெருந்திருவிழாக்கள். இவற்றை முறையே ஆடித் திருவிழா, ஆவணித் திருவிழா என்று அவ்விடத்தார் அழைப்பர். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இது சிறிது வியப்பைத் தரும். நமது கணக்கின்படி முன்னையது ஆனி மாதத்திலும், பின்னையது ஆடியின் இறுதி நாட்களிலும் அன்றோ வீழ்கின்றன! ஆங்கில மாதங்களுக்கே தமிழ் மாதப் பெயர்களைச் சூட்டி வழங்குவது ஈழத்துக் கத்தோலிக்கரின் பழைய வழக்கம். மாதம் வேறாயினும் பெயர் நமதே என்பதைக் கண்டு மகிழலாம்.

ஜூலை 2 என்னும் நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கன்னி மரியாள் தன் உறவினளாகிய எலிசபெத்தைக் காணச் சென்ற நிகழ்ச்சியை உலகத் திருச்சபை முன்னாளில் அத்தேதியிலேதான் கொண்டாடி வந்தது. 1969 ஆம் ஆண்டிலே திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அந்நினைவு மே 31 இற்கு மாற்றப்பட்டது. மடுவோ பழைய நாளைக் கைவிடவில்லை. ஒரு பெண் மலைநாட்டு வழியே நடந்து உறவினளைக் காணச் சென்ற நாளுக்குரிய பழைய தேதியில், நாடெங்குமிருந்து மக்கள் காட்டு வழியே வந்து ஒருவரையொருவர் காண்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

வழியும் வண்டியும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே மடு வீதி என்னும் சந்தி உள்ளது. அங்கே புகையிரத நிலையமும் உண்டு. சந்தியிலிருந்து வடக்கே திரும்பிக் காட்டு வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் சென்றால் கோயில் வளவை அடையலாம். 1914 ஆம் ஆண்டிலே தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்படுவதற்கு முன்னர் யாத்திரிகர் கூடார வண்டில்களிலும் கால்நடையாகவும் வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோர் பல இரவுகளை வழியிற் கழித்தே மடுவைக் கண்டனர். மாடுகளுக்கு வைக்கோல், மனிதருக்கு அரிசி, இருட்டுக்கு அரிக்கன் லாம்பு, யானைக்குத் தீப்பந்தம் என்று எல்லாவற்றையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று முதியோர் இன்றும் கதை சொல்வர்.

1990 இலே போரினால் அப்புகையிரதச் சேவை நின்றது. பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் போன இடம் தெரியவில்லை. 2013 ஆம் ஆண்டில் மடு வீதி வரையும், 2015 இல் தலைமன்னார் வரையும் பாதை மீண்டும் இடப்பட்டது. திருவிழாக் காலத்திலே பெரும்பாலோர் பேருந்திலும் வாடகை வான்களிலும் வருகின்றனர். வீதியின் இரு புறத்திலும் பாலைப்பழம் விற்கும் சிறுவரைக் காணலாம். அப்பழத்தை முதன்முறை உண்பவர்க்கு ஓர் எச்சரிக்கை: சுவை தேனை ஒக்கும், ஆயின் அதன் பால் உதட்டிலே பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பேசாதிருக்க வேண்டிய மாணாக்கருக்கு இதனினும் நல்ல மருந்து இல்லை என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

அடைக்கலத்தில் பிறந்த தலம்

மடுவின் தொடக்கம் அச்சத்திலும் அடைக்கலத்திலும் இருக்கின்றது. 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதன் பின் கத்தோலிக்க சமயம் தடை செய்யப்பட்டது. குருமாரை வீட்டில் ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலே வாழ்ந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் கோயிலிலிருந்த மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எட்டாத வன்னிக் காட்டினுள் புகுந்து மருதமடுவிலே தங்கின என்பது வழிவழி வரும் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த வேறு பலரும் அவ்விடத்தை அடைந்து அவர்களோடு கூடினர்.

பின்னர் 1687 இலே கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் குருவானவர் கூலியாளின் கோலத்திலே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். குருவின்றித் தவித்த கத்தோலிக்கரை இரவில் வீடு வீடாகச் சந்தித்துத் தேற்றினார். பின்பு கண்டி அரசிலே இருந்துகொண்டு நாடெங்கும் தொண்டாற்றி, 1711 இலே கண்டியிலே உயிர் நீத்தார். ஒல்லாந்தரிடமிருந்து ஓடிய கத்தோலிக்கக் குருவுக்குப் பாதுகாப்பளித்தவன் பௌத்த மன்னன் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. 2015 ஜனவரி 14 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலிலே அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தார். அன்று பிற்பகலிலேயே மடுவுக்கும் வந்து, போரிலே உற்றாரை இழந்த இரு இனத்துக் குடும்பத்தாரோடும் நின்று செபித்தார்.

இப்பொழுது நாம் காணும் கோயிலுக்கு 1870 களிலே வித்திட்டவர் யாழ்ப்பாணத்து ஆயராயிருந்த பொன்ஜீன் ஆண்டகை. ஜூலை 2 திருவிழாவை ஒழுங்கு செய்தவரும் அவரே. அதே காலத்திலே, யாழ்ப்பாணத்தில், நமது ஆறுமுக நாவலரும் வாழ்ந்தார். பொன்ஜீன் ஆண்டகை மடுவிலே புதிய கோயிலை எண்ணிய ஆண்டுகளிலேதான், நாவலர் 1872 இலே வெளியிட்ட 'யாழ்ப்பாணச் சமயநிலை'யிலே, அழிந்து மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு சைவரை வேண்டினார். ஒரே மன்னார் மண்ணிலே, ஏறக்குறைய ஒரே காலத்திலே, இரு சமயத்தாரும் தத்தம் இழந்த வீட்டைத் தேடினர் என்று சொல்லலாம்.

1924 ஜூலை 2 ஆம் நாள், திருத்தந்தை பதினொராம் பத்திநாதரின் பெயரால் மடு மாதாவின் சொரூபத்துக்கு முடி சூட்டப்பட்டது. அந்நிகழ்ச்சியின் நூற்றாண்டு 2024 இலே நிறைவெய்தியது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து மன்னார் மறைமாவட்டம் அமைந்தபோது மடு அதன் ஆளுகைக்குட்பட்டது.

ஊர் எழும் விதம்

ஆண்டின் ஏனைய நாட்களிலே மடு அமைதியான ஒரு பங்கு. சுற்றிலும் சின்னப்பண்டிவிரிச்சான், பெரியபண்டிவிரிச்சான், தட்சணாமருதமடு, பாலம்பிட்டி முதலிய சிற்றூர்கள். குளத்தை நம்பிய வயலும், மழையை நம்பிய மேட்டு நிலப் பயிரும், மாடுகளும் அவ்வூர்களின் செல்வம். காலை மணி, ஞாயிறு திருப்பலி, பிள்ளைகளின் மறைக்கல்வி, மாலைச் செபமாலை என்று வாழ்வு ஓர் ஒழுங்கிலே நடக்கின்றது.

ஜூன் 23 ஆம் நாள் ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறும். ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறுவது ஓகஸ்ட் 6 ஆம் நாள். அதற்குச் சில கிழமைகள் முன்னரே வேலை தொடங்கிவிடும். மன்னார்க் கச்சேரியிலே அரசாங்க அதிபர் முன்னிலையில் கூட்டம் கூடும். தண்ணீர், மருத்துவம், பேருந்து, பொலிசார், சுகாதாரம் ஆகிய பொறுப்புகள் பகிரப்படும். குழாய்க் கிணறுகள் திருத்தப்படும். தண்ணீர்ப் பவுசர்கள் ஒழுங்கு செய்யப்படும். பங்குகளிலிருந்து இளைஞர் வந்து பற்றைகளை வெட்டி வெளியாக்குவர்.

பின்னர் ஊர் எழும்புகின்றது. யாத்திரிகர் விடுதிகளும் வீடுகளும் உண்டெனினும், வருவோர் தொகைக்கு அவை எம்மூலைக்கு! மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டப்படும். நான்கு தடி நட்டு, மேலே கிடுகோ சீலையோ இட்டு, கீழே பாய் விரித்தால் ஒரு குடும்பத்துக்கு வீடு ஆயிற்று. மூன்று கல் வைத்தால் அடுப்பு. இரு நாட்களில் தெருக்களும் குறுக்குத் தெருக்களும் உண்டாகிவிடுகின்றன. தேநீர்க் கடை, மெழுகுதிரிக் கடை, செபமாலைக் கடை, வளையற் கடை, கச்சான் கடை என்று சந்தையும் கூடுகின்றது. வேந்தனின் ஆணையின்றியும், நில அளவையாளரின் சங்கிலியின்றியும் ஒரு நகரம் இவ்வாறு ஒழுங்காக அமைவதைக் கண்டு குடியியல் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் வியப்புறாதிருக்க முடியாது. தண்ணீருக்கு வரிசை நிற்பதும், அடுத்த குடிசைப் பிள்ளை தொலைந்தால் தெருவே எழுந்து தேடுவதும் அங்கே எழுதாச் சட்டங்கள்.

மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பர் ஒருவரின் குடும்பத்தாரோடு நான் அங்கே சில நாள் தங்கினேன். நவநாட்களிலே விடியுமுன் மணி ஒலிக்கும். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறித் திருப்பலிகள் நடைபெறும். மாலையிலே செபமாலை சொல்லும் குரல் குடிசைக்குக் குடிசை தொடர்ந்து, காடு முழுவதும் ஒரே குரலாய் முழங்கும். திருவிழாவின் முன்னாள் மாலை வெஸ்பர் ஆராதனை. மறுநாட் காலை ஆயர் தலைமையிலே கூட்டுத் திருப்பலி. அதன்பின் மாதாவின் திருச்சொரூபப் பவனியும் ஆசீரும். சொரூபம் வெளியே வரும் வேளை அத்தனை பெருங்கூட்டமும் ஒருங்கே முழந்தாளிடுவதைக் காண்பவர், எச்சமயத்தவராயினும், தாமும் தலை குனியாதிருத்தல் அரிது. நமது கோயில்களிலே தேர் இருப்பை விட்டு அசையும் கணத்தில் எழும் மெய்சிலிர்ப்பு அதுவேயாகும்.

சட்டியும் திருவலையும்

கோயிலைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது அடுப்படி வாழ்வாகும். நண்பரின் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். மடுவுக்கு வராத ஆடி மாதம் அவருக்குப் போர்க்காலத்திலே மாத்திரமே வாய்த்தது. வந்த முதல் நாள் மத்தியானம் என் முன்னே சோற்றுக் கோப்பையை வைத்து, "தம்பி, நீங்கள் மச்சம் சாப்பிட மாட்டியள் எண்டு மகன் சொன்னவன். இது புறம்பான சட்டியிலை காய்ச்சினது. யோசியாமல் சாப்பிடுங்கோ" என்றார். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் முருங்கையிலை வறையும் இருந்தன. வீட்டிலிருந்து மூட்டை கட்டும்போதே, ஒரு சைவனுக்கென்று புதுச் சட்டி ஒன்றை அந்த அம்மையார் சேர்த்துக் கட்டியிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. வேதாந்த நூல்கள் பல கற்றும் நாம் பெறாத பக்குவம் அச்சட்டியிலே இருந்தது.

நவநாட்களுள் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்று அவர்கள் இறைச்சியை விலக்கினர், மீனை விலக்கவில்லை. நாமோ இரண்டையும் விலக்குவோம். விரதம் பற்றிய அளவளாவல் அதிலிருந்து தொடங்கியது. கந்தசட்டியைப் பற்றி அவர் கேட்டார். தபசு காலத்தைப் பற்றி நான் கேட்டேன். நாற்பது நாள் என்றும் ஆறு நாள் என்றும் கணக்கு வேறுபட்டாலும், பசியை அடக்கி மனத்தைத் திருப்புவதே இரண்டுக்கும் உட்பொருள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழவில்லை.

எங்கள் குடிசைக்கு அடுத்தது சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்றின் குடிசை. தேங்காய் துருவும் திருவலையை அவர்கள் வீட்டிலே மறந்து வந்துவிட்டனர். அக்குடும்பத்து மருமகள் கையைச் சுழற்றிக் காட்டி இரவல் கேட்டாள். அன்று தொடங்கித் திருவலை இரு குடிசைக்கும் பொதுவாயிற்று. திருவலை போன வழியே பாற்சோறு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் மாலை அவ்வீட்டுப் பாட்டி எங்கள் பக்கமாக வந்து அமர்ந்து செபமாலை சொன்னார். என்ன வியப்பு! அவர் சொன்னது தமிழிலே. நாங்கள் தமிழிற் பேசினால் அவருக்கு விளங்கவில்லை. செபம் மாத்திரம் பிழையின்றி வந்தது. தாயிடம் கற்றதாம்.

இதிலே மந்திரம் ஒன்றும் இல்லை, வரலாறே இருக்கின்றது. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையோரத்திலே இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. பள்ளிக்கூடத்தின் போதனா மொழி மாறவே, வீட்டு மொழியும் நாளடைவில் மாறியது. பேச்சு போன பின்னரும் செபம் எஞ்சியது. மொழியே இனத்தின் எல்லை என்று எண்ணிப் பழகிய நமது மாணவர்கள், இத்தகைய பாட்டிமாரை நேரிலே கண்டு பேச வேண்டும். எல்லைக் கோடுகள் வரைபடத்திலே தோன்றும் அளவு தெளிவாக வாழ்க்கையிலே தோன்றுவதில்லை.

மடுவுக்கு வருவோர் கத்தோலிக்கர் மாத்திரமல்லர். நேர்த்திக் கடனோடு சைவரும் வருகின்றனர், பௌத்தரும் வருகின்றனர். பத்தினித் தெய்வத்தின் சாயலை மாதாவிடம் காணும் சிங்கள மக்களும், கண்ணகை அம்மனின் தங்கை என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்த நினைக்கும் நம்மவரும் உளர். மடு மண் பாம்பு விடத்தைப் போக்கும் என்பது வன்னி முழுவதும் பரந்த நம்பிக்கை. ஒரு பிடி மண்ணை முடிந்து வீட்டில் வைத்திருப்பதிலே தவறில்லை. ஆயினும் பாம்பு தீண்டியவரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே கடமை. நம்பிக்கை மனத்துக்குத் துணை. உடலுக்கு மருந்து வேண்டும்.

இரவிலே சில திருவிழாக் காலங்களிற் பழைய கலைகளைப் பற்றிய பேச்சும் நடக்கும். மன்னார்க் கத்தோலிக்கர் நாட்டுக்கூத்தையும் வாசாப்பையும் பேணியவர்கள். பரலோக அரசையும் ரோமாபுரி மன்னரையும் பாடும் அக்கூத்துகளின் கட்டுக்கோப்பும் விருத்தமும் தருவும் நமது கூத்து மரபேயாம். அண்ணாவியாருக்குக் காலில் வீழ்ந்து வணங்கும் முறையும் அதே முறை.

தஞ்சம் புகுந்தோர்

இத்தனை இன்ப நினைவுகளுக்கிடையே ஒரு துன்ப வரலாற்றையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1990 இலே போர் மீண்டும் மூண்டபோது, ஊரிழந்த மக்கள் மடுவை நாடி வந்தனர். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையகம் அங்கே ஒரு திறந்த நிவாரண நிலையத்தை நடத்தியது. திருவிழாவுக்காக ஒன்பது நாள் அமைந்து மறையும் ஊர், பல்லாயிரவர் ஆண்டுக் கணக்காக வாழும் ஊராயிற்று. நேர்த்திக்காக மரத்தின் கீழே படுத்த அதே நிலத்திலே வேறு போக்கிடமின்றிப் படுத்தனர். பிள்ளைகள் அங்கே பிறந்தனர். அங்கேயே ஏடு தொடக்கினர்.

1999 நவம்பர் 20 ஆம் நாள் இரவு எறிகணைகள் கோயில் வளவிலே வீழ்ந்தன. தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர்; குழந்தைகளும் அவருள் அடங்குவர். 2008 ஏப்பிரலிலே போர்முனை மடுவை அணுகியபோது, குருமார் மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு கடற்கரையூராகிய தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670 இலே நடந்தது மீண்டும் நடந்தது. அந்நாளிலே மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்த சொரூபம், இந்நாளிலே காட்டிலிருந்து கடற்கரைக்குச் சென்றது. அதே ஆண்டு ஓகஸ்டிலே அது மடுவுக்குத் திரும்பியது. சுற்றூர் மக்கள் திரும்புவதற்கு மேலும் காலம் எடுத்தது. அவர்கள் போரின் கடைசிப் பகுதி வரை ஓடி, முகாம்களிலே அடைபட்டு, பின்னரே தங்கள் குளத்தடிக்கு வந்தனர்.

நண்பரின் தாயார் மடுவிலே முகாம் வாழ்வும் வாழ்ந்தவர். "அப்பவும் இதிலைதான் தம்பி அடுப்பு வைச்சனாங்கள்" என்று ஒரு மரத்தடியைக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தின் பின், அடுத்த குடிசைச் சிங்களப் பாட்டிக்குத் தேநீர் கொடுத்து வரும்படி பேரனை அனுப்பினார். சமாதானம் பற்றி நாட்டிலே எத்தனையோ மாநாடுகள் நடந்துள்ளன. அவற்றின் தீர்மானங்கள் யாவும் அச்சிறு பையன் கையில் ஏந்திச் சென்ற பேணிக்குள் அடங்கிவிட்டன எனத் தோன்றியது.

மாந்தைச் சந்தி

மடுவிலிருந்து திரும்பும் சைவர் நேரே வீடு செல்லாது மாந்தைக்குச் செல்லுதல் நன்று. மாதாவின் சொரூபம் புறப்பட்ட பழைய ஊர் அதுவே. அவ்வூரிலேயே, பாலாவிக் கரையிலே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கின்றது. லூர்து மாதா ஆலயமும் அங்கேதான் உள்ளது. ஒரு சந்தியிலே நின்று இரு சமயத்தின் வரலாற்றையும் நினைக்கத்தக்க இடம் ஈழத்திலே இதனைப் போல வேறு அரிது.

அவ்வரலாறு எவருக்கும் பெருமை தருவதன்று. 1544 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சைவ மன்னனாகிய சங்கிலியின் ஆணையால் மன்னாரிலே புதிதாகக் கிறித்தவரான அறுநூறு பேர் வரையில் கொல்லப்பட்டனர். பின்னர் போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தனர். அதன் பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைக் காட்டுக்குத் துரத்தினர். வாள் கைமாறக் கைமாற, அழுதவர் மாறினர், அழுகை மாறவில்லை. 1894 இலே சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட, 1903 இலே திருக்கேதீச்சரத்துக்கு மீண்டும் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. இரு தலங்களும் மீண்டன. இரு சமயத்தாரும் அயலவராய் வாழப் பழகினர்.

ஆயினும் 2019 மார்ச்சு மாதத்திலே, மகா சிவராத்திரிக்கு முந்திய நாள், அதே மாந்தைச் சந்தியிலே வீதி வளைவு ஒன்றின் பொருட்டு இரு சமயத்தாருக்கிடையே பிணக்கு மூண்டு, அது நீதிமன்றம் வரை சென்றது. எப்பக்கம் சரி, எப்பக்கம் பிழை என்று ஈண்டு ஆராய நான் புகவில்லை. ஒன்றை மாத்திரம் குறிப்பிடல் வேண்டும். அந்நாட்களிலே யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்துகொண்டு கடுஞ்சொல் எழுதியவர்களுட் பலர், மடுவையும் கண்டவர் அல்லர்; திருக்கேதீச்சரத்திலும் ஓர் இரவு தங்கியவர் அல்லர். அயலவனின் கோயிலை அறியாதவனுக்கே அயலவன் மீது கோபம் எளிதில் வருகின்றது. மன்னாரிலே ஒரே வயலிலே நாற்று நட்டு, ஒரே பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளை இருத்தி வாழும் மக்களுக்கோ, பிணக்கின் மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருந்தது. நட்டம் அவர்களுடையது.

ஆதலின் நமது கல்லூரிகளின் சுற்றுலாக்களை ஒழுங்கு செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். மன்னாருக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது கோட்டையையும் பெருக்க மரத்தையும் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். காலையிலே பாலாவியில் நீராடித் திருக்கேதீச்சரத்திலே வழிபடுக. பிற்பகலிலே மடுவுக்குச் செல்க. கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இதே வழியை எதிர்த் திசையிலே வரட்டும். கோயில் வளவிலே ஒழுக்கமாக நடத்தல், மரங்களின் கீழே பொலித்தீன் பைகளை வீசாதிருத்தல், பிறர் வழிபடும் வேளை வாய் திறவாதிருத்தல் ஆகிய மூன்றையும் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைத்தல் போதும். எஞ்சியவற்றை அவ்விடம் தானே கற்பிக்கும்.

திருவிழா முடிந்த மறுநாள் மடு ஊர் கலைகின்றது. தறப்பாள்கள் மடிக்கப்படுகின்றன, சட்டி பானைகள் வானில் ஏறுகின்றன, கடைகள் பூட்டப்படுகின்றன. சிலாபத்துக் குடும்பத்தார் திருவலையைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தனர். எல்லாவற்றையும் வாரிச் செல்லும் யாத்திரிகர் அடுப்புக் கற்களை மாத்திரம் எடுத்துச் செல்வதில்லை. ஆவணியிலே வரும் வேறொரு குடும்பத்துக்கு அவை உதவும் என்பதனால், சாம்பலைத் தட்டி மரத்தடியிலே ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டே வண்டியில் ஏறுகின்றனர்.